எத்தனை தடவைதான் நீக்குவார்கள்?

ஏப்ரல் 5, 2025 – வந்த கேள்வி

"தென்கொரிய அதிபர் யூன் சுக் யோலை டிசம்பர் 14 அன்று பதவி நீக்கம் செய்துவிட்டதாகப் படித்தேன். நேற்று மறுபடியும் பதவி நீக்கம் என்கிறார்கள். ஒரு மனிதரை எத்தனை தடவைதான் நீக்குவார்கள்? அதுவும் கோடிக்கணக்கானோர் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவரை எட்டு நீதிபதிகள் வீட்டுக்கு அனுப்புவதற்குப் பெயர் ஜனநாயகமா?"

ஏப்ரல் 5, இரவு

ஒரு தடவைதான் நீக்கினார்கள். டிசம்பரில் நடந்தது, ராணுவச் சட்டம் அறிவித்ததற்காக அவர் மீது குற்றம் சாட்டும் தீர்மானம். கொரிய நாடாளுமன்றத்தில் 300 பேர், 200 ஓட்டு தேவை, 204 விழுந்தது. அன்றே அவருடைய அதிகாரங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. ஆனால் பதவி போகவில்லை. சம்பளம் வந்தது, 'அதிபர்' என்ற பெயரும் இருந்தது. 111 நாள் கழித்து, நேற்று காலை 11:22-க்கு அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பின் கடைசி வரியை வாசித்த பிறகுதான் அவர் முன்னாள் அதிபர் ஆனார்.

குழப்பம் உங்களுடையது இல்லை. பத்திரிகைத் தமிழ் செய்த வேலை. அதில் எனக்கும் பங்கு உண்டு.

1998 டிசம்பர் 19, சனிக்கிழமை. அப்போது நான் ஒரு நாளிதழில் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் உதவி ஆசிரியர். வாஷிங்டனில் பகல், எங்களுக்கு நள்ளிரவு, கடைசிப் பதிப்பு அச்சுக்குப் போகிற நேரம். கிளின்டன் மீது பிரதிநிதிகள் சபை இரண்டு குற்றச்சாட்டுகளை நிறைவேற்றிவிட்டது என்று செய்தி வந்து விழுந்தது. பொய்ச் சாட்சியம் 228–206, நீதிக்கு இடையூறு 221–212. பக்கத்தில் இரண்டு பத்தித் தலைப்புக்குத்தான் இடம். 'கிளின்டன் மீது குற்றச்சாட்டுத் தீர்மானம் நிறைவேறியது' என்று வைத்துப் பார்த்தேன், அடங்கவில்லை. 'கிளின்டன் பதவி நீக்கம்' கச்சிதமாக உட்கார்ந்தது. வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

மறுநாள், என் பதவிக்காலத்தின் கடைசி நாள் கடைசி மணி வரை இருப்பேன் என்று அவர் பேசியதை டிவியில் காட்டினார்கள். ஒரு பெரியவர் அலுவலகத்துக்கு ஃபோன் செய்தார். "தம்பி, நீங்கள் நீக்கிய விஷயம் அவருக்கு இன்னும் தெரியாது போலிருக்கிறதே. யாராவது சொல்லி அனுப்பக் கூடாதா?"

இந்த விஷயத்தில் இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் சுத்தம். அங்கே 'குற்றப்பிரேரணை' என்பார்கள். முடிவை முன்கூட்டியே சொல்லிவிடாத சொல். அது என் கண்ணில் பட்டதே பல வருடம் கழித்துத்தான்.

எட்டு நீதிபதிகள் கேள்வி பெரியது. நாளைக்கு எழுதுகிறேன்.

ஏப்ரல் 6

நாளைக்கு என்றேன், நடுவில் நிக்சன் புகுந்துவிட்டார். "அமெரிக்காவில் நிக்சனை நீக்கினார்களே" என்று ஒருவர். இல்லை. நிக்சனை யாரும் நீக்கவில்லை, முழுச் சபை அவர் மீது குற்றம் சாட்டவும் இல்லை. 1974 ஜூலைக் கடைசியில் சபையின் நீதித்துறைக் குழு மூன்று குற்றச்சாட்டுகளை ஏற்றது. ஆகஸ்ட் 5 அன்று, வாட்டர்கேட் ஊழலை மூடி மறைக்க அவர் பேசியது பதிவான ஒலிநாடா வெளியானது. சொந்தக் கட்சிக்காரர்களே ஓட்டு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆகஸ்ட் 9 அன்று அவரே விலகிக்கொண்டார்.

வேடிக்கை என்னவென்றால், பதவியில் நீடித்த கிளின்டன்தான் குற்றம் சாட்டப்பட்டவர் பட்டியலில் இருக்கிறார். பதவியே போன நிக்சன் அதில் இல்லை.

ஏப்ரல் 8

சரி, நீதிபதிகள்.

அமெரிக்காவில் குற்றம் சாட்டுவது பிரதிநிதிகள் சபை. விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது செனட். அதிபர் மீதான விசாரணை என்றால் தலைமை நீதிபதி வந்து நடுநாயகமாக உட்காருவார், ஆனால் தீர்ப்பு அவருடையது இல்லை. பாரபட்சமில்லாமல் நீதி வழங்குவோம் என்று செனட்டர்கள் இதற்கென்றே தனியாகச் சத்தியம் செய்கிறார்கள். செய்துவிட்டு வெளியே வந்து, கேமரா முன்னால் தங்கள் ஓட்டு எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுகிறார்கள்.

1868-இல் ஆண்ட்ரூ ஜான்சன் கதையைப் பாருங்கள். லிங்கன் கொல்லப்பட்டதால் நாற்காலிக்கு வந்தவர். தோற்ற தென் மாநிலங்களை எப்படி நடத்துவது, விடுதலையான கறுப்பின மக்களுக்கு என்ன உரிமை என்பதில் அவருக்கும் காங்கிரசுக்கும் (அங்கே நாடாளுமன்றத்துக்கு அதுதான் பெயர்) தீராத பகை. ஆனால் குற்றச்சாட்டில் அது நேரடியாக இல்லை. செனட்டைக் கேட்காமல் போர்த்துறைச் செயலர் ஸ்டான்டனை நீக்கினார் என்பதுதான் முக்கியக் குற்றம். ஆளை நீக்கியதற்காக ஆளை நீக்கப் பார்த்தார்கள். பார்வையாளர் மாடத்துக்கு டிக்கெட் அச்சடித்துக் கொடுக்கும் அளவுக்குக் கூட்டம்.

செனட்டின் மொத்த பலத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அப்போது 54 செனட்டர்கள், ஆக 36. மே 16 அன்று விழுந்தது 35. கான்சாஸ் செனட்டர் எட்மண்ட் ராஸ் 'குற்றவாளி இல்லை' என்றார். அவரோடு சேர்த்து ஏழு குடியரசுக் கட்சியினர் கட்சியை மீறியிருந்தார்கள்.

எனக்குப் பிடித்த ஆள் ராஸ் இல்லை, பெஞ்சமின் வேட். ஜான்சனுக்குத் துணை அதிபர் கிடையாது. அவர் போனால் நாற்காலி செனட்டின் தற்காலிகத் தலைவருக்கு, அதாவது வேடுக்கு. அந்த வேடும் நீதிபதியாக உட்கார்ந்து ஓட்டுப் போட்டார். 'குற்றவாளி' என்று! சொத்து எனக்கு வரும் என்று தெரிந்தே பங்காளி தீர்ப்புச் சொல்வது மாதிரி.

ஆகவே என் பதில்: இப்படிக் கட்சிக்காரர்கள் தீர்ப்புச் சொல்வதைவிட எட்டு நீதிபதிகள் எவ்வளவோ தேவலாம்.

ஏப்ரல் 9

திருத்தம். நேற்று 'மொத்த பலத்தில்' என்று எழுதியது தவறு. அமெரிக்க செனட்டில் அன்று வந்திருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் போதும். 1868-இல் 54 பேருமே வந்திருந்தார்கள், அதனால் கணக்கு ஒன்றாகிவிட்டது.

சின்ன வித்தியாசம் என்று விட்டுவிட முடியாது. மொத்த எண்ணிக்கையில் கணக்கிடும் நாடுகளில் வராமல் இருப்பதே எதிர்த்து ஓட்டுப் போட்டதற்குச் சமம். எதிர்த்தேன் என்ற கெட்ட பெயரும் வராது. கடந்த டிசம்பர் 7 அன்று கொரியாவில் ஆளுங்கட்சியினர் அதைத்தான் செய்தார்கள். ஓட்டுப் போடாமல் வெளியேறினார்கள். 195 பேர்தான் போட்டார்கள், தீர்மானம் விழுந்தது. வெளியேறியவர்களின் பெயரை எதிர்க்கட்சித் தலைவர் ஒருவர் சபையில் ஒவ்வொன்றாகப் படித்தார், வெளியே பனியில் கூட்டம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு வாரம் கழித்து அதே கட்சியிலிருந்து ஆட்கள் கரைந்து வந்து 204 ஆயிற்று.

இந்தியாவிலும் இந்தக் கலை தெரியாததல்ல. 1993 மே 11 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ராமசாமியை நீக்கும் தீர்மானம் மக்களவைக்கு வந்தபோது ஆதரவு 196, எதிர்ப்பு ஒன்றுமே இல்லை, வாக்களிக்காமல் உட்கார்ந்திருந்தவர்கள் 205. எதிர்ப்பே இல்லாத தீர்மானம் தோற்றது.

ஏப்ரல் 13

கொரியாவுக்கே திரும்புகிறேன். நீதிபதிகள் ஏன் தேவலாம் என்று நினைத்தேன் என்பதற்கு உதாரணம் 2004.

அப்போது அதிபர் ரோ மூ ஹியூன். வரப்போகும் தேர்தலில் தனக்கு நெருக்கமான கட்சிக்கு மக்கள் ஆதரவு தருவார்கள் என்று நம்புவதாகப் பேசிவிட்டார். தேர்தலில் அதிபர் நடுநிலை காக்க வேண்டும் என்பது சட்டம். எதிர்க்கட்சிகளிடம் எண்ணிக்கை இருந்தது. மார்ச் 12 அன்று, மேடையை மறித்த உறுப்பினர்களைக் காவலர்கள் இழுத்துப் போட, 193–2 என்று தீர்மானம் நிறைவேறியது. மெழுகுவர்த்தியோடு மக்கள் தெருவுக்கு வந்தார்கள், நீக்கியவர்களுக்கு எதிராக. ஏப்ரல் 15 தேர்தலில் அந்த ஆதரவுக் கட்சி 299-இல் 152 இடம் பிடித்தது. மே 14 அன்று நீதிமன்றம் சொன்னது: ஆமாம், சட்டத்தை மீறினார். ஆனால் பதவியைப் பறிக்கும் அளவுக்குக் கனமான மீறல் இல்லை.

அந்த 'கனம்' என்ற அளவுகோல்தான் முக்கியம். தவறு உண்டா என்பது ஒரு கேள்வி. அந்தத் தவறு பதவியை எடுத்துவிடும் அளவுக்குப் பெரியதா என்பது வேறு கேள்வி. கிளின்டன் விவகாரத்தில் அமெரிக்கா முழுக்கப் போட்ட சண்டை இந்த இரண்டாவது கேள்வியில்தான். அவர் பொய் சொல்லவில்லை என்று வாதாடியவர்கள் குறைவு. அந்தப் பொய்க்கு இந்தத் தண்டனையா என்றுதான் கேட்டார்கள். சபை குற்றம் சாட்டிய வாரத்தில் கேலப் கணிப்பில் அவருக்கு ஆதரவு 73 சதவீதம்! கொரியாவில் அந்தக் கேள்விக்குக் காரணம் எழுதி, வாசித்துப் பதில் சொல்ல ஓர் இடம் இருந்தது. செனட்டில் 'ஆம்' 'இல்லை' மட்டும்தான். பென்சில்வேனியா செனட்டர் ஆர்லன் ஸ்பெக்டர் ஸ்காட்லாந்துச் சட்டத்தில் இருக்கிற 'நிரூபிக்கப்படவில்லை' என்ற மூன்றாவது தீர்ப்பைச் சொல்லிப் பார்த்தார். 'குற்றவாளி இல்லை' கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

அதே கொரிய நீதிமன்றம் 2017 மார்ச் 10 அன்று அதிபர் பார்க் குன் ஹேயை 8–0 என்று நீக்கியது. அன்று காலை தற்காலிகத் தலைமை நீதிபதி லீ ஜங் மி தலைமுடியில் சுருட்டு உருளைகளைக் கழற்ற மறந்தே நீதிமன்றத்துக்கு வந்துவிட்டார். அந்தப் படம் நாடெங்கும் சுற்றியது. ஒரு நாட்டின் தலைவிதியை வாசிக்கப் போகிற காலையில் கண்ணாடி பார்க்க நேரமில்லாமல் போவது எனக்கு நம்பிக்கை தருகிற விஷயம். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஏப்ரல் 14

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தால் கொரிய நீதிமன்றத்துக்கு விளம்பரம் எழுதிய மாதிரி இருக்கிறது. மறுபக்கமும் இருக்கிறது.

அந்த நீதிமன்றத்தில் ஒன்பது பேர். மூவரை அதிபர் தேர்வு செய்கிறார், மூவரை நாடாளுமன்றம், மூவரை உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி. நீக்குவதற்கு ஆறு பேர் சம்மதிக்க வேண்டும். யூன் வழக்கு வந்தபோது நாடாளுமன்றத்தின் மூன்று இடமும் காலி, இருந்ததே ஆறு பேர். ஒருவர் தலையாட்ட மறுத்தால் போதும். காலி இடத்தை யார் நிரப்புவது என்பதே ஒரு தனி யுத்தமாகிவிட்டது. தற்காலிக அதிபராக இருந்த பிரதமர் ஹான் டக் சூ நியமிக்க மறுத்தார். டிசம்பர் 27 அன்று அவர் மீதும் குற்றத் தீர்மானம்! அவருக்குப் பதிலாக வந்த நிதி அமைச்சர் இரண்டு பேரை நியமித்தார், எட்டு ஆயிற்று. மார்ச் 24 அன்று ஹானுக்கு நீதிமன்றமே பதவியைத் திருப்பிக் கொடுத்தது.

ஆக, நீதிபதி யார் என்ற சண்டை நீதிபதியை நியமிப்பது யார் என்ற சண்டையாக இடம் மாறுகிறது. 'எவ்வளவோ தேவலாம்' என்று எட்டாம் தேதி எழுதியதை 'கொஞ்சம் தேவலாம்' என்று படித்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 20

இலங்கையைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்கிறார்கள். சொல்லைப் புகழ்ந்துவிட்டு நாட்டை விட்டது தப்புத்தான்.

காகிதத்தில் பார்த்தால் 1978 அரசியலமைப்பின் 38-ஆம் உறுப்புரை அமெரிக்கா, கொரியா இரண்டு மாதிரியையும் கலந்து வைத்திருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் கையொப்பமிட வேண்டும். இல்லையென்றால் பாதிப் பேர் கையொப்பமிட்டு, விசாரிக்கத் தகுந்தது என்று சபாநாயகர் திருப்திப்பட வேண்டும். பிறகு வராதவர்களையும் சேர்த்து மூன்றில் இரண்டு ஓட்டு. பிறகு உயர் நீதிமன்ற விசாரணை. (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: அங்கே 'உயர் நீதிமன்றம்' என்பதுதான் நாட்டின் உச்சபட்ச நீதிமன்றம்.) குற்றம் உண்டு என்று அது சொன்னால் மறுபடி பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு ஓட்டு. இத்தனை கதவையும் தாண்டி இதுவரை எந்த ஜனாதிபதியும் வெளியே போனதில்லை.

முட்டிப் பார்த்தது 1991-இல். ஜனாதிபதி பிரேமதாசாவுக்கு எதிராக அவருடைய சொந்தக் கட்சியின் லலித் அத்துலத்முதலியும் காமினி திசாநாயக்கவும் எதிர்க்கட்சியோடு சேர்ந்து ஆகஸ்டில் குற்றப்பிரேரணை கொடுத்தார்கள். சபாநாயகர் எம்.எச். முகம்மது அதை ஏற்றார். அப்படி ஏற்றுவிட்டால் ஜனாதிபதியால் பாராளுமன்றத்தைக் கலைக்க முடியாது, அது சட்டம். ஆனால் கூட்டத்தொடரை முடித்து வைக்கலாம் என்ற சந்து திறந்திருந்தது. பிரேமதாசா அதன் வழியே போனார். கிடைத்த அவகாசத்தில் கையொப்பமிட்டவர்கள் ஒவ்வொருவராக மனம் மாறினார்கள். கையொப்பங்களில் கோளாறு என்று சொல்லி சபாநாயகர் அக்டோபரில் பிரேரணையைத் தள்ளினார். லலித்தும் காமினியும் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

அதற்கப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். 1993 ஏப்ரல் 23 அன்று லலித் சுட்டுக் கொல்லப்பட்டார். எட்டு நாள் கழித்து மே தினத்தில் பிரேமதாசா குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். 1994 அக்டோபரில் காமினியும் குண்டுவெடிப்பில். ஒன்றுக்கொன்று முடிச்சுப் போட வரவில்லை. பெஞ்சமின் பிராங்க்ளின் 1787-இல் பிலடெல்பியாவில், அமெரிக்க அரசியலமைப்பை எழுதிய மாநாட்டில் சொன்ன ஒரு வாதம்தான் ஞாபகம் வருகிறது. ஆட்சித் தலைவரை அகற்ற முறையான வழி இல்லாத காலத்தில் மக்கள் கொலையைத்தான் நாடினார்கள், அதில் உயிரும் போகும், தன் மேல் விழுந்த பழியைத் துடைக்கும் வாய்ப்பும் போகும் என்றார். பதவி நீக்க விசாரணை அதிபருக்கே நல்லது என்பது அவர் எண்ணம். இளம் வயதில் இதைப் படித்தபோது கிழவர் தமாஷ் செய்கிறார் என்று நினைத்தேன்.

2013-இல் இன்னொன்று. பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவைப் பாராளுமன்றம் 155–49 என்ற ஓட்டில் நீக்கியது. நீதிபதிகளிடம் விட்டுவிடலாம் என்று சொல்லும்போது, அந்த நீதிபதியையே இதே ஆயுதத்தால் வீட்டுக்கு அனுப்ப முடியும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். 'கொஞ்சம் தேவலாம்' என்பதைக்கூட இனி நான் அழுத்திச் சொல்ல மாட்டேன்.

மே 2

2016 ஏப்ரல் 17. பிரேசில் கீழவையில் அதிபர் தில்மா ரூசெஃப் மீதான வாக்கெடுப்பு. விடிய விடிய நேரலையில் பார்த்தேன், வேலை நிமித்தம் பாதி, வேடிக்கைக்குப் பாதி. ஒவ்வொரு உறுப்பினரும் ஒலிவாங்கி முன்னால் வந்து ஓட்டைச் சொல்ல வேண்டும். ஐநூற்றுச் சொச்சம் பேர். ஒருவர் கடவுளுக்காக என்றார், ஒருவர் மனைவி மக்களுக்காக, ஒருவர் பேரக்குழந்தைக்காக, ஒருவர் தன் ஊருக்காக. கல்யாண வீட்டில் மொய் எழுதும்போது பெயர் வாசிப்பார்களே, அந்த ராகம். 367–137. நிறைவேறியது.

இரவு மூன்று மணிவாக்கில் எனக்கு ஓர் உண்மை உறைத்தது. அவர் மீது என்ன குற்றச்சாட்டு என்பதே எனக்கு மறந்துவிட்டது. பேசியவர்களிலும் அதைச் சொன்னவர்கள் சொற்பம்.

குற்றச்சாட்டு இதுதான்: நலத்திட்டப் பணத்தை அரசு வங்கிகளுக்குத் தர வேண்டிய நேரத்தில் தராமல் இழுத்தடித்தார்கள், வங்கிகள் தங்கள் கையிலிருந்து போட்டுக் கொடுத்தன, அரசுக் கணக்கில் பற்றாக்குறை குறைந்த மாதிரி தெரிந்தது. காங்கிரசைக் கேட்காமல் கூடுதல் செலவுக்கு ஆணை போட்டார் என்பது இன்னொன்று. அங்கே இந்த முதல் வித்தைக்கு 'பெடல் மிதிப்பது' என்று பெயர். தெருவில் இருந்த கோபமோ பொருளாதார வீழ்ச்சி மீதும் அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோபிராஸில் நடந்த ஊழல் மீதும். குற்றப்பத்திரிகை ஒன்று, கோபம் வேறொன்று. ஜான்சன் கதையேதான்.

ஆகஸ்ட் 31 அன்று செனட் 61–20 என்று நீக்கியது. உடனே தனியாக இன்னொரு ஓட்டு: எட்டு வருடம் பதவி வகிக்கத் தடை வேண்டுமா? அதற்கு 54 வேண்டும், கிடைத்தது 42. குற்றவாளி, ஆனால் நாளைக்கே தேர்தலில் நிற்கலாம்!

நாற்காலி துணை அதிபர் மிஷெல் தெமேருக்குப் போனது.

மே 3

"தில்மாவுக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள்" என்று ஒரு நண்பர். இல்லை. பெடல் மிதித்தது தவறுதான். 2004-இல் கொரிய நீதிமன்றம் கேட்ட கேள்வியை அந்த இரவில் யாராவது கேட்டார்களா என்றுதான் பார்த்தேன். அவர் இடத்தில் எனக்குப் பிடிக்காத ஓர் அதிபர் இருந்திருந்தால் எனக்கு அந்தக் கேள்வி தோன்றியிருக்குமா என்று நண்பர் திருப்பிக் கேட்டார். தோன்றியிருக்காது.

மே 4

கனமான விஷயம் போதும். விசாரணை நடக்கும்போது அமெரிக்க செனட்டர்கள் பேசக் கூடாது, மீறினால் சிறை என்று காவல் அதிகாரி தினமும் உரக்க அறிவிப்பார். காபிக்கும் அனுமதி இல்லை. தண்ணீர் குடிக்கலாம், பால் குடிக்கலாம். பால் எப்படி என்றால் பழைய மரபு. 2020 டிரம்ப் விசாரணையில் சில செனட்டர்கள் மெய்யாகவே பால் டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு குற்றச்சாட்டிலும் விடுதலை: 48–52, 47–53. மிட் ரோம்னி முதல் குற்றச்சாட்டில் 'குற்றவாளி' என்று சொல்லி, சொந்தக் கட்சி அதிபருக்கு எதிராக அப்படி ஓட்டுப் போட்ட முதல் செனட்டர் ஆனார்.

அடுத்த வருடம் இரண்டாவது விசாரணை. 57–43. பெரும்பான்மை குற்றவாளி என்றது, 67 இல்லாததால் விடுதலை. பதவியை விட்டுப் போனவரை விசாரிக்கலாமா என்று அப்போது பெரிய வாதம். அதற்குப் பதில் அடுத்த குறிப்பில்.

மே 18

தள்ளிவிடுவதற்கு முன்னால் தானே குதிப்பவர்கள் உண்டு. நிக்சன் குதித்தார், அத்தோடு விட்டுவிட்டார்கள். 1992 டிசம்பர் 29 அன்று, செனட் விசாரணை தொடங்கியதும் பிரேசிலின் ஃபெர்னாந்தோ கோலோர் குதித்தார். செனட் விடவில்லை. போனால் என்ன, விசாரணை நடக்கட்டும் என்று தீர்ப்புச் சொல்லி எட்டு வருடம் தடை போட்டது. 2000 நவம்பரில் பெருவின் ஃபுஜிமோரி ஜப்பானிலிருந்து ஃபேக்ஸில் ராஜினாமா அனுப்பினார். காங்கிரஸ் அந்தக் காகிதத்தை ஏற்க மறுத்து, 'தார்மீகத் தகுதி இல்லை' என்று அவரை நீக்கியது. "நீ விலகவில்லை, நாங்கள்தான் விலக்கினோம்." வேலையை விட்டு நின்றவருக்கு டிஸ்மிஸ் ஆர்டர்.

2022 ஜூலை 14 அன்று கோட்டாபய ராஜபக்ச சிங்கப்பூரிலிருந்து மின்னஞ்சலில் விலகல் கடிதம் அனுப்பினார். இருபத்திரண்டு வருடத்தில் ஃபேக்ஸ் மின்னஞ்சல் ஆகியிருக்கிறது, மற்றபடி முன்னேற்றம் இல்லை. அங்கே 38-ஆம் உறுப்புரையின் எந்தக் கதவும் திறக்கப்படவில்லை. ஜூலை 9 அன்று மக்கள் ஜனாதிபதி மாளிகையின் கதவைத் திறந்தார்கள், அவ்வளவுதான்.

வேகத்திலும் பல ரகம். பராகுவேயில் 2012 ஜூன் 21 அன்று பெர்னாந்தோ லூகோ மீது குற்றம் சாட்டினார்கள், 22 அன்று நீக்கிவிட்டார்கள். அவர் தரப்பு வாதத்துக்கு இரண்டு மணி நேரம்! பெருவில் 2022 டிசம்பர் 7 அன்று காங்கிரசைக் கலைப்பதாக பெத்ரோ காஸ்தியோ டிவியில் அறிவித்த சில மணி நேரத்துக்குள் காங்கிரஸ் அவரை 101 ஓட்டில் நீக்கியது. இதெல்லாம் பார்த்த பிறகு கொரியாவின் 111 நாள் எனக்கு நிதானமாகத் தெரிகிறது. சியோலில் குளிரில் ஒளிக்குச்சியோடு நின்றவர்களுக்கு அப்படித் தெரிந்திருக்காது.

மே 25

இந்தியாவில் உண்டா என்று கேட்டவருக்கு: உண்டு, 61-ஆம் பிரிவு. அரசியலமைப்பை மீறினால் மட்டும். ஓர் அவையின் கால் பங்கு உறுப்பினர் கையொப்பமிட்டு 14 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும், அந்த அவை மூன்றில் இரண்டால் குற்றம் சாட்ட வேண்டும், மற்ற அவை விசாரித்து மூன்றில் இரண்டால் முடிக்க வேண்டும். இரண்டுமே மொத்த உறுப்பினர் கணக்கு. ஒரு தடவைகூட எடுத்ததில்லை. அமைச்சரவை சொல்வதைச் செய்கிற குடியரசுத் தலைவரை நீக்கி யாருக்கு என்ன கிடைக்கப் போகிறது?

ஜூன் 4

கடைசியாக எழுதிய அந்த வரியைப் பத்து நாளாக மென்றுகொண்டிருந்தேன். 'யாருக்கு என்ன கிடைக்கும்?' இரண்டு மாதமாக நீதிபதி யார், நீதிபதி யார் என்று சுற்றிக்கொண்டிருந்தேன். வேடை ஞாபகம் வைத்திருந்தும் அவர் காட்டியதைக் கவனிக்கவில்லை. மறுநாள் காலையில் நாற்காலி யாருக்கு?

1868-இல் வேடுக்குப் போயிருக்கும். ராஸ் மாதிரி ஆட்கள் தயங்கியதற்கு வேடைப் பிடிக்காததும் ஒரு காரணம் என்பார்கள். பிரேசிலில் தெமேர், அவர் கட்சி நீக்கத்துக்கு ஓட்டுப் போட்டது. பிலிப்பைன்ஸில் அதிபர் எஸ்த்ராதா போய் துணை அதிபர் அரோயோ. இலங்கையில் மீதிக் காலத்துக்குப் பாராளுமன்றமே ஒருவரைத் தேர்ந்தெடுக்கும், 1991-இல் பிரேரணை கொடுத்த இருவருமே ஜனாதிபதி ஆசை உள்ளவர்கள். கொரியாவில் துணை அதிபரே கிடையாது. 60 நாளுக்குள் தேர்தல். நேற்று அது நடந்தது, லீ ஜே மியுங் ஜெயித்தார். நீக்க ஓட்டுப் போட்டவர்களில் யாரும் மறுநாள் நாற்காலியில் போய் உட்கார முடியாது, மக்களிடம் போய்த்தான் வர வேண்டும்.

ஆகவே ஏப்ரல் 5 கேள்விக்கு இப்போதைய பதில்: அந்த எட்டுப் பேர் இறக்கத்தான் செய்தார்கள், ஏற்றவில்லை. ஏற்றியது மறுபடி அதே கோடிக்கணக்கானோர்தான்.

ஜூன் 5

ஒரு ஓட்டை. டிசம்பரில் தீர்மானத்தை நடத்தியது லீயின் கட்சி. அவர்தான் ஜெயிக்கப் போகிறார் என்று கணிப்புகள் அப்போதே சொல்லிக்கொண்டிருந்தன. அவர் மீதும் வழக்குகள் நடந்துகொண்டிருந்தன. வேட் போல ஓரடி தூரத்தில் இல்லை, ஆனாலும் நாற்காலி கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். நேற்றைய பதிலை முழுக்க வாபஸ் வாங்கவில்லை. அதில் பாதி நிற்கும்.

ஜூன் 11

பழைய அலுவலக நண்பர் ஒருவர் இதையெல்லாம் படித்துவிட்டுக் கூப்பிட்டார். அன்று இரவு பக்கம் கட்டியவர் அவர்தான். "தலைப்பு உன்னுடையது, சரி. ஆனால் முதலில் நீ எழுதிக் கொடுத்தது 'கிளின்டன் மீது குற்றம்' என்று. அது அடங்கியது. சப்பென்று இருக்கிறது என்று நீயே பிடுங்கிவிட்டு மாற்றினாய்" என்கிறார்.

இடம் போதாமல்தான் மாற்றினேன் என்று இருபத்தாறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முதல் குறிப்பிலும் அப்படித்தான் இருக்கிறது, திருத்திக்கொள்ளவும்.

ஏப்ரல் 8 குறிப்பில் இன்னொரு விடுபாடு. ஜான்சன் மீது 11 குற்றச்சாட்டுகள். மே 16 ஓட்டு பதினோராவது மீது மட்டும். மே 26 அன்று மேலும் இரண்டின் மீது எடுத்தார்கள், அதுவும் 35–19. மற்ற எட்டையும் எடுக்காமலே கலைந்துவிட்டார்கள்.